முகப்பக்காவும் கிடங்கண்ணனும்

முதலாளி காலையில் கைப்பேசியில் ஏதாவது கட்டுரை படித்துவிட்டு வந்தாரென்றால், அன்றைக்கு அலுவலகத்தில் யாருக்கோ நேரம் சரியில்லை என்று பொருள். நின்றுகொண்டே வேலை பார்த்தால் மூளை சுறுசுறுப்பாகும் என்று ஒருமுறை படித்தார். மறுநாள் நாற்காலிகளெல்லாம் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. அவருடைய முழங்கால் வலிக்க ஆரம்பித்த பிறகுதான் அவை திரும்பி வந்தன. இந்த முறை அவர் படித்தது அதைவிடப் பொல்லாத கட்டுரை.

"இப்பல்லாம் வெப்சைட்டுக்கு முன்பக்கம் ஒரு மொழி, பின்பக்கம் ஒரு மொழின்னு யாரும் வச்சுக்கிறதில்லையாம். ஒரே மொழியில ரெண்டையும் எழுதிடுறாங்களாம்," என்றார். சொல்லிக்கொண்டே தன் அறையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினாலே ஏதோ வில்லங்கம் என்று முகப்பக்காவுக்குத் தெரியும்.

முகப்பக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனி, முடிவெட்டும் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி என்று சிறு வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து கொடுத்து வந்தது. தளத்தில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அவள் வேலை. எழுத்து, நிறம், பொத்தான், பொத்தானை அழுத்தினால் திரையில் நடக்கிற கூத்து, எல்லாம். அதை ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதுவாள். அந்தப் பொத்தானுக்குப் பின்னால், எங்கோ இருக்கிற சர்வரில், யார் வந்தார்கள், எந்த நேரத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று பத்திரப்படுத்தி வைப்பது இன்னொருவர் வேலை. அவர் எழுதுவது பைத்தானில். அவர்தான் கிடங்கண்ணன்.

ஒருவர் எழுதியதை மற்றவர் திறந்து பார்க்கவோ திருத்தவோ கம்பெனியில் தடை எதுவும் கிடையாது. எல்லாம் பொதுவான ஒரே இடத்தில்தான் கிடந்தது. ஆனாலும் இருவரும் அடுத்தவர் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட்டதில்லை. அது மானப் பிரச்சினை. கிடங்கண்ணனுக்கு அவள் வேலை ஒரு வேலையாகவே தெரியாது. "என்னம்மா, பவுடர் பூசியாச்சா?" என்றுதான் கேட்பார். ஜாவாஸ்கிரிப்டை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. 'அந்த விளையாட்டுச் சாமான்' என்பார். எண்ணையும் எழுத்தையும் கூட்டச் சொன்னால்கூட அது மறுத்துப் பேசாமல் ஏதோ ஒரு விடையைக் கொடுத்துவிடுமாம், முதுகெலும்பில்லாத மொழியாம். அவளும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை. "உங்க பைத்தான்ல வரிக்கு முன்னாடி ஒரு இடைவெளி குறைஞ்சா குடியே முழுகிப்போயிடுமேண்ணே," என்பாள். இப்படியே வருடங்கள் ஓடின. தளங்கள் நன்றாகவே வேலை செய்தன.

முதலாளி முன்பு தரைக்குப் போடும் டைல்ஸ் விற்றவர். கணினி மொழிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அவை பல என்பதும், பலதாக இருப்பது வீண் என்பதும்தான்.

"அந்த டிரைவிங் ஸ்கூல் வேலை வந்திருக்கில்ல? ஆளுக்கு ஒண்ணா செய்யுங்க. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும். அவங்க அவங்க மொழியில. வர்ற வெள்ளிக்கிழமை காட்டுங்க. எது நல்லா இருக்கோ, இனிமே அந்த மொழிதான்."

"இன்னொருத்தர்?" என்று கேட்டார் கிடங்கண்ணன்.

"மொழி ஒண்ணு ஆயிட்டா ஆளும் ஒண்ணு போதும்ல தம்பி. டைல்ஸ் ஒட்டுறவன்தான் இடுக்குல பூச்சும் பூசுறான். அதுக்குன்னு தனியா ஒருத்தனை வண்டி ஏத்திக் கூட்டிட்டா வர்றான்?"

முகப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கு இந்த வேலை சும்மா வந்ததல்ல. மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் திரும்பக் கிளம்பினாள். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" குழந்தை வளர்த்தேன் என்றால், "அது சரி, வேலை என்ன பண்ணீங்க?" என்று அடுத்த கேள்வி. அப்படி ஏறி இறங்காத படி இல்லை. இங்கே மட்டும் அந்தக் கேள்வி வரவில்லை. அதற்குக் காரணம் முதலாளியின் பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். நேர்காணல் முழுக்க அவர் போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார், கேட்க மறந்துபோனார். இன்னொரு முதலாளி இன்னொருமுறை மறப்பார் என்று நம்பி எத்தனை வாசலில் போய் நிற்பது? இந்த நாற்காலி போனால் வீடுதான். அந்த நினைப்பே அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்துவிட்டாள். ஜாவாஸ்கிரிப்டைப் பின்பக்கமும் ஓடவைக்கலாம் என்று அவளுக்குத் தெரியும், செய்ததில்லை, அவ்வளவுதான். முதலில் தெரிந்ததைச் செய்வோம் என்று முன்பக்கத்தில் இறங்கினாள். பயிற்சிக்கு நாளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சின்னக் கார் திரையின் குறுக்கே ஓடி அந்த நாளில் போய் நிற்கும். நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் விளக்கைப் போடும். உறுதிசெய்தால் ஹாரன் அடித்து வாழ்த்துச் சொல்லும். பதிவான நேரம் பட்டியலில் மறுநாளும் அப்படியே இருந்தது. பின்பக்கம் என்று கிடங்கண்ணன் இத்தனை வருடம் பயமுறுத்தியது இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்த வாயோடு தண்ணீர் பிடிக்க எழுந்தவள், போகிற வழியில் கிடங்கண்ணனின் திரையைப் பார்த்துத் தொலைத்துவிட்டாள்.

அவர் பைத்தானிலேயே பக்கங்களைத் தயாரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். உள்ளே எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்திருக்கும். வெளியேதான் பார்க்கச் சகிக்கவில்லை. சாம்பல் நிறத்தில் பொத்தான்கள் வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் கோடு போட்டுக் கையால் அடிக்க வேண்டும். தப்பாக அடித்தால் 'செல்லாது' என்று சிவப்பில் வந்தது, சிவப்புப் பின்னணியில். உறுதிசெய்யும் பெட்டி திரையின் இடது ஓரத்தில் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை நகர்த்த என்னவோ அடித்தார். அது வலது ஓரத்துக்குப் போய்த் தொங்கியது.

ஒழிந்தது, நமக்கு வெற்றிதான் என்று அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டாள். நாற்காலியில் வந்து உட்காரும்வரைக்கும் பட்டாள். அப்புறம் அந்தச் சிவப்பின் மேல் சிவப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. சிலருக்குப் பிறத்தியார் வீட்டில் படம் கோணலாகத் தொங்கினாலும் கை பரபரக்கும். அவள் அந்த ஜாதி. தினமும் மதியம் கிடங்கண்ணன் தன் அம்மாவிடம் போன் பேச மொட்டைமாடிக்குப் போவார். அந்த அம்மா உடம்பு நோவை உச்சியில் ஆரம்பித்துப் பாதம்வரை விலாவாரியாகச் சொல்லி முடிப்பார். அதற்குள் அந்த எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்று அவருடைய வேலையைத் தன் கணினியில் திறந்தாள்.

நிறத்தை மாற்றினால் பொத்தான் உறுத்தியது. பொத்தானைச் சரிசெய்தால் தேதி அடிக்கும் இடம் பல்லை இளித்தது. அங்கே ஒரு நாட்காட்டி வைத்தாள். பெட்டியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். தன் தளத்தில் காரும் ஹாரனுமாகத் தாம்தூம் என்று செலவு பண்ணியவள், இதில் அவருக்குத் தெரியாமல் செய்கிற பயத்தில் எதையும் கூடுதலாகச் சேர்க்கவில்லை. வேண்டியது மட்டும் இருந்தது. அது அவளே இதுவரை செய்ததில் மிக அழகான பக்கமாக அமைந்துவிட்டது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

கிடங்கண்ணன் இறங்கி வந்து திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த வரியை அடிக்க ஆரம்பித்தார். அவளும் தலையைத் தூக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில்தான் அவளுக்கு இடி விழுந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற கணவன், சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் போனில் தளத்தைத் திறந்து, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு செய்தான். ஹாரன் அடித்து வாழ்த்துச் சொன்னது.

"அந்தப் பத்து மணியை நான் ஏற்கெனவே எடுத்துட்டேனே," என்றாள் அவள்.

"எனக்கும் கொடுத்திருக்கு பாரு."

மகள் பழைய டேப்லெட்டை எடுத்துவந்து அவளும் அதே பத்து மணியை அழுத்தினாள். அவளுக்கும் ஹாரன். மூவருக்கும் ஒரே கார், ஒரே நேரம், ஒரே வாழ்த்து.

"ஒரு ஸ்டீயரிங்கை மூணு பேர் பிடிச்சா வண்டி எந்தப் பக்கம்மா போகும்?" என்று மகள் கேட்டாள்.

முகப்பக்காவுக்கு விஷயம் புரிந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பதிவுகளை எல்லாம் அவள் பழக்கதோஷத்தில் பிரௌசரிலேயே சேமித்திருந்தாள். அவரவர் பதிவு அவரவர் கருவியில் மட்டும் இருக்கும். பள்ளிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. தன் கணினியில் மட்டுமே பார்த்துப் பார்த்துப் பூரித்ததால் இத்தனை நாளும் தெரியாமல் போயிற்று. முன்பக்கத்திலேயே குடியிருக்கிறவள் மட்டும் செய்யக்கூடிய தப்பு இது. பின்பக்கத்தில் வேலை பார்க்கிற எவனும் தூக்கத்தில்கூடச் செய்யமாட்டான்.

அடுத்த நாள் விழுந்தடித்து நிஜமான சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றினாள். ஓரளவு வந்தது. ஆனால் இரண்டு கையிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், இரண்டு பேருக்கும் அதே கார் போனது. இடம் காலியா என்று இருவரும் ஒரே கணத்தில் கேட்டால், சர்வர் இருவருக்கும் காலி என்று சொல்லிவிடுகிறது. அவள் எதை எதையோ மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. கிடங்கண்ணன் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். ஏதோ விபத்தைப் பார்ப்பவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"ம்ஹும்," என்றார். போய்விட்டார்.

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நாலு வார்த்தை சொல்லிச் சிரித்துவிட்டாவது போயிருக்கலாம்.

மறுநாள் காலை வந்து, தோற்றுப்போகிறவளின் மனதோடு இரண்டு போனையும் எடுத்து அழுத்தினாள். ஒன்றில் ஹாரன் அடித்தது. இன்னொன்றில், 'இந்த நேரம் இப்போதுதான் போய்விட்டது, வேறு நேரம் பாருங்கள்' என்று வந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினாள். அசையவில்லை. நிரலைத் திறந்து பார்த்தாள். அவள் பின்பக்கம் என்று எழுதிவைத்திருந்ததில் பாதி காணாமல் போயிருந்தது. புதிய வரிகள் இருந்தன. ஒருவர் கேட்டு முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும்படி பூட்டுப் போட்டிருந்தது. எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட். மேலே ஒரு குறிப்பு: 'சூழ்நிலை காரணமாக இந்த மொழியில் எழுதப்பட்டது.'

அவள் திரும்பிப் பார்த்தாள். கிடங்கண்ணன் பழைய மின்னஞ்சல்களை மும்முரமாக அழித்துக்கொண்டிருந்தார்.

நன்றி சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், செய்தது தெரியும் என்று ஆகும். தெரியும் என்று ஆனால், தான் அவருக்குச் செய்ததையும் பேச வேண்டிவரும். போட்டியில் எதிராளிக்கு வேலை செய்து கொடுத்தேன் என்று எந்த முகத்தோடு பேசுவது? இருவரும் வெள்ளிக்கிழமைவரை உம்மென்றே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை முதலாளி தன் போன், தன் மனைவியின் போன் இரண்டையும் கொண்டுவந்திருந்தார். முதலில் அவளுடைய தளம். கார் ஓடியது. விளக்குப் போட்டது. ஹாரன் அடித்தபோது முதலாளி தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். இரண்டு போனிலும் ஒரே நேரத்தை அழுத்தினார்; ஒன்றுக்குத்தான் கிடைத்தது. "பரவாயில்லையே," என்றார்.

அடுத்தது கிடங்கண்ணனுடையது. முதலாளி அழுத்தினார், நகர்த்தினார், திரும்பவும் முதலிலிருந்து போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார்.

"ரெண்டும் நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா இது..." என்று போனை அவள் பக்கம் நீட்டினார். "இது கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்கு பாத்தீங்களா? எங்க வீட்டம்மா சொல்லிக்கொடுக்காமலே பதிவு பண்ணிடுவா. உங்களுது கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. தப்பா எடுத்துக்காதீங்கம்மா, அழகு பண்றதுதானே உங்க வேலை? அதையே தம்பி உங்களைவிட நல்லா பண்ணிட்டாரே."

 அவள் கையால் செய்ததே அவளைத் தோற்கடித்துவிட்டது. அது நான் செய்ததுதான் என்று சொல்லலாம். சொன்னால், தோற்றவள் வயிற்றெரிச்சலில் உளறுகிறாள் என்றுதான் நினைப்பார். அதோடு, உன் பின்பக்கத்தை நீதான் செய்தாயா என்று ஒரு கேள்வி வரும். அவள் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் என்ன பண்ணீர்கள் என்று கேட்கப்போகிற முகங்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. அழுதுவிடக்கூடாது என்பது ஒன்றுதான் அப்போது அவளுடைய குறிக்கோள்.

"அப்ப பைத்தான்தான்," என்று முதலாளி எழுந்தார். "தம்பி, வாழ்த்துகள்."

முதலாளி நீட்டிய கையைக் கிடங்கண்ணன் பிடிக்கவில்லை. அவர் முகம் கறுத்துப்போயிருந்தது.

"சார், அந்தப் பக்கத்தை நான் செய்யல."

"எந்தப் பக்கம்?"

"நீங்க இதமா இருக்குன்னீங்களே, அது. அவங்க செஞ்சது. நான் மாடிக்குப் போயிருந்தப்ப செஞ்சுட்டாங்க. நான் தெரியாத மாதிரி இருந்துட்டேன்." அவர் முதலாளியின் போனைக் காட்டினார். "ஒரு பெட்டியைத் திரைக்கு நடுவுல வைக்கணும் சார். அவ்வளவுதான். ரெண்டு நாள் முழுக்க உக்காந்தேன். எனக்கு வரல. பவுடர் பவுடர்னு இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தேன், எனக்கு அந்தப் பவுடரைப் பூசத் தெரியாது."

 ஜெயித்த மனிதர், கையில் விழுந்த வெற்றியை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். தான் அதற்கு முன்பே வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"என்னோடதுலயும் பின்பக்கம் நான் இல்ல சார். ஒரே காரை மூணு பேருக்குக் கொடுத்துட்டிருந்தேன். அண்ணன்தான் வந்து சரிபண்ணினார்," என்றாள்.

முதலாளி உட்கார்ந்தார். இரண்டு போனையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்திருக்கீங்க."

"சேர்ந்து இல்ல சார்," என்றார் கிடங்கண்ணன். "தனித்தனியாத்தான்."

"எப்படியோ. ஒரு மொழி போதும்னு கட்டுரையில போட்டிருந்தானே. அது பொய்யா?"

"மொழி ஒண்ணு போதும் சார். ஆள் ரெண்டு வேணும்," என்றார் கிடங்கண்ணன்.

முதலாளிக்கு அது எளிதில் செரிக்கவில்லை. ஒரு மொழிக்கு இரண்டு ஆள் எதற்கு என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். கிடங்கண்ணன் அவர் பாஷையிலேயே சொன்னார்: டைல்ஸ் ஒட்டுகிறவரும் அடியில் தண்ணீர்க் குழாய் பதிக்கிறவரும் ஒரே மொழிதான் பேசுகிறார்கள், அதற்காகக் குழாய் வேலையை டைல்ஸ்காரரிடம் கொடுத்தால் வீடு நனையும். வீடு நனைந்த கதை முதலாளியிடம் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் மேற்கொண்டு பேசவில்லை.

"சரி, ரெண்டு பேரும் இருங்க. ஆனா மொழி ஒண்ணுதான். அதுல மாத்தமில்ல. எது?"

பைத்தான்தான் என்று அவர் சொல்லப்போகிறார் என்று அவள் எதிர்பார்த்தாள். சொன்னாலும் அவளுக்கு இப்போது வருத்தமில்லை. உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளும்வரை வைத்திருப்பார்களா என்பதுதான் தெரியவில்லை.

கிடங்கண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவங்களோடது. என்னோடது பிரௌசருக்குள்ள போய் வேலை செய்யாது. அவங்களோடது பின்பக்கமும் வருது. எழுதிப் பாத்துட்டேன்."

"எதும்மா உங்களோடது, பேரென்ன?" என்று கேட்டார் முதலாளி.

அவள் வாயைத் திறப்பதற்குள் கிடங்கண்ணனே சொன்னார். "ஜாவாஸ்கிரிப்ட்."

அலுவலகத்தில் அவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல்தடவை. அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. பிழைப்பு முழுக்கக் கட்டிக்காத்த மொழியை அந்த மனிதர் அவளுக்காக விட்டுவிட்டார். விட்டதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "பைத்தானை என்னண்ணே பண்ணுவீங்க?"

"ஞாயித்துக்கிழமை வீட்டுல வச்சு எழுதிக்கிறேன்," என்றார் அவர்.